பழுது யாரிடம்? ஓசூர்ப் பொருட்களின் இன்னொரு வரலாறு

நம் வீட்டுப் பொருட்களில் எத்தனை ஓசூரிலிருந்து வந்தவை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அடுப்பில் விசிலடிக்கும் குக்கர், வாசலில் நிற்கும் ஸ்கூட்டி அல்லது எக்ஸ்.எல்., மணிக்கட்டில் கட்டியிருக்கும் டைட்டன். இப்போது ஐபோனின் வெளிக்கூடும் அங்கேதான் உருவாகிறது. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டியதும் தொடங்கும் ஊர் ஓசூர். கேழ்வரகும் கொள்ளும் விளைந்த அந்த மேட்டு நிலத்தில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அப்போது அது தர்மபுரி மாவட்டம். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது.

இந்த ஊரின் தொழில் வரலாறு முதலீட்டுத் தொகை, ஏக்கர் கணக்கு, ஏற்றுமதி என்றே எழுதப்படுகிறது. அந்தப் பொருட்களோடு நாள்தோறும் மல்லுக்கட்டியவர்களின் வரலாறு வேறு. "மூடி சரியா உட்கார மாட்டேங்குது." "உதைச்சு உதைச்சு காலே போச்சு." "இந்த வாட்ச் மறுபடியும் நின்னு போச்சு." இப்படிச் சொன்ன பெண்களுக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "உனக்கு யூஸ் பண்ணத் தெரியல."

இந்த முணுமுணுப்புகளை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். அவை ஒரு பொருளை நாள்தோறும் கையாள்பவர் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்லும் சாட்சியம். அந்தச் சாட்சியத்துக்கு யாராவது காது கொடுத்தபோது பொருள் திருந்தியிருக்கிறது. காது கொடுக்காதபோது பழி பெண்ணின் மேல் விழுந்திருக்கிறது.

குக்கரிலிருந்து தொடங்குவோம். 1950களின் இறுதியில் இந்தியச் சமையலறைக்குள் வந்த குக்கர், பெண்களின் நேரத்தை மிச்சப்படுத்தியது உண்மை. விறகடுப்பில் துவரம்பருப்பு வேகக் காத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் கூடவே ஒரு பயமும் வந்தது. பருப்பு பொங்கி நுரை ஆவிக் குழாயை அடைத்துவிடும். அப்போது சேஃப்டி வால்வில் உள்ள உலோகம் உருகி அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். அது உருகாவிட்டால் குக்கர் வெடிக்கும். வெடித்தால், "அடுப்பை வச்சிட்டு எங்கே போனே?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

பிரஸ்டீஜ் குக்கர்களைச் செய்யும் டி.டி.கே. நிறுவனத்துக்கு ஓசூரில் ஆலை உண்டு. அதன் தலைவராக இருந்த டி.டி.ஜெகந்நாதன், குக்கர்கள் வெடித்த காலத்தைப் பற்றிப் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். காரணத்தைத் தேடிப் போனபோது கிடைத்த விடை: சந்தையில் விற்ற போலி வால்வுகள். உருக வேண்டிய நேரத்தில் அவை உருகவில்லை. சமைத்தவர்களின் கவனக்குறைவு அல்ல, உதிரி பாகம்தான் குற்றவாளி. இதற்குத் தீர்வாக மூடியின் விளிம்பில் ஒரு சிறு திறப்பு வைத்தார்கள். வால்வு கைவிட்டாலும், அழுத்தம் கூடும்போது ரப்பர் கேஸ்கட் அந்தத் திறப்பின் வழியே பிதுங்கி ஆவியை வெளியேற்றிவிடும். இதைச் செய்தவர் தானே சமைக்கும் பழக்கம் உள்ளவர் என்பதையும் கவனிக்க வேண்டும். அடுப்பின் முன் நின்றவருக்குத்தான் அடுப்பின் முன் நிற்பவரின் பயம் புரியும்.

ஆனால் அந்தத் தீர்வு ஒரு நிறுவனத்தோடு நிற்கக் கூடியது. எல்லாக் குக்கருக்கும் தர முத்திரை கட்டாயம் என்ற ஒன்றிய அரசின் ஆணை 2020இல்தான் வந்தது. 2022இல் கூட, முத்திரை இல்லாத குக்கர்களை விற்கவிட்ட இணைய விற்பனைத் தளங்களுக்கு அபராதம் விதிக்க வேண்டியிருந்தது. குக்கர் அடுக்களைக்குள் வந்து அறுபது ஆண்டுகள் கழித்துத்தான் அதன் பாதுகாப்பு சட்டத்தின் கவலையானது.

அடுக்களையிலிருந்து வாசலுக்கு வந்தால் வண்டி. 1980இல் ஓசூர் ஆலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இந்தியாவில் இருவர் அமர்ந்து போகும் முதல் மொபெட் அது. காலைத் தூக்கிப் போடாமல் ஏறி உட்காரும் அமைப்பு என்பதால் சேலை கட்டியவரும் ஓட்ட முடிந்தது. ஆனாலும் குடும்ப வண்டி என்றால் முன்னால் ஆண், நடுவில் குழந்தை, பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்த பெண் என்பதே நம் மனதில் பதிந்த படம்.

அந்தப் படம் சட்டத்துக்குள்ளும் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதியைப் பாருங்கள். இரு சக்கர வண்டியில் பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க இடமும் வேண்டும். அவருடைய உடை சக்கரத்தில் சிக்காதபடி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கிறது அது. நாம் 'சேலை கார்டு' என்று சொல்வது இதைத்தான். முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றிக் கழுத்தும் உயிரும் போன விபத்துகளை அறிந்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும். 'ஒழுங்கா இழுத்துச் செருகிக்கிட்டு உட்காரக் கூடாதா' என்ற பழியிலிருந்து பெண்ணை விடுவித்து, பொறுப்பை வண்டி செய்பவரிடம் வைத்த விதி இது. ஆனால் இந்த விதி காப்பது பின்னிருக்கையில் இருப்பவரின் உடையைத்தான். ஓட்டுபவரின் சேலையைப் பற்றி அதில் பேச்சில்லை.

ஓட்டும் பெண்ணை வண்டிச் சந்தை கண்டுபிடிக்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. கிக்கரை உதைப்பது சேலையோடு செய்யக்கூடிய வேலை அல்ல. 1980களின் நடுவில் வந்த கைனடிக் ஹோண்டாவின் பொத்தான் ஸ்டார்ட் பல பெண்களுக்குச் சாலையைத் திறந்துவிட்டது. 1990களின் நடுவில் ஓசூரின் ஸ்கூட்டி வந்தது. பெண்களை மனதில் வைத்து விற்கப்பட்டு, 'ஸ்கூட்டி' என்றாலே பெண்கள் வண்டி என்றானது. 2018இல் தமிழ்நாடு அரசு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு 25,000 ரூபாய் வரை மானியத்தில் அம்மா இரு சக்கர வாகனத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, பெண் ஓட்டுநர் என்பவர் அரசாணைக்குள்ளும் வந்துவிட்டார்.

இத்தனைக்குப் பிறகும், பெட்ரோல் நிரம்பிய வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த எடை யாருடைய உடம்பை நினைத்து வைக்கப்பட்டது என்று. இளஞ்சிவப்பு நிறம் பூசுவது எளிது. எடையைக் குறைக்கத்தான் யோசிக்க வேண்டும்.

கைக்கடிகாரத்தின் கதை இன்னும் நுட்பமானது. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கியது டைட்டன். அதன் ஆலை ஓசூரில் அமைந்தது. அதுவரை பெங்களூரின் எச்.எம்.டி. கடிகாரங்களுக்கு நாள்தோறும் சாவி கொடுத்துப் பழகியவர்களுக்கு, செல் போட்டால் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் புதுமை. டைட்டன் பக்கத்துக் கிராமங்களின் இளைஞர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்தது. 1990களின் பிற்பாதியில் மைராடா என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து 'மெடோ' என்ற பெண்கள் நிறுவனம் உருவாகத் துணை நின்றது. ஓசூர் சுற்றுப்புறக் கிராமப் பெண்கள் கடிகாரச் சங்கிலியின் கண்ணிகளைக் கோக்கும் வேலையை எடுத்துச் செய்தார்கள். கூலிக்காரர்களாக மட்டும் அல்லாமல் பங்குதாரர்களாகவும் இருந்தார்கள் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம்.

ஆனால் அந்தக் கைகளில் கட்டுவதற்கென்று சந்தை வைத்திருந்த கடிகாரம் எது? 'லேடீஸ் வாட்ச்'. நகையைப் போன்ற சிறு வட்டம். பலவற்றில் எண்களே இல்லை, நொடி முள்ளும் இல்லை. நாடி பார்க்கும் செவிலிக்கு நொடி முள் வேண்டும். ஷிஃப்ட் பேருந்தைப் பிடிக்க ஓடும் பெண்ணுக்கு ஒரு பார்வையில் மணி தெரிய வேண்டும். வட்டம் சிறுத்தால் உள்ளிருக்கும் செல்லும் சிறுக்கிறது, சீக்கிரம் தீர்கிறது. அது பொருளின் கணக்கு. வீட்டில் கேட்பதோ, "உன் கையில எந்த வாட்ச்தான் நிக்காம ஓடுது?" நம் அம்மாக்கள் பலர் முகப்பை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டியதை நினைத்துப் பாருங்கள். கண்ணாடியில் கீறல் விழாமல், வேலைக்கு இடையிலும் மணி பார்க்க அவர்களே கண்ட வழி. எந்த வடிவமைப்பாளரும் சொல்லித் தந்தது அல்ல.

இப்போது செல்போன். ஓசூரை ஒட்டிய தேன்கனிக்கோட்டை வட்டத்தில் உள்ள டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோன் பாகங்களைச் செய்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். ஜார்க்கண்ட், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்திருக்கிறார்கள். இரவு ஷிஃப்டில் பெண்கள் வேலை செய்ய வழி திறந்தது 2000ஆம் ஆண்டின் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆவது பிரிவிலிருந்த இரவு வேலைத் தடை பாகுபாடு என்று கூறி, பாதுகாப்பு ஏற்பாடுகளை நிபந்தனையாக்கியது அது. வேலை கிடைத்தது. பாதுகாப்பு? 2025 நவம்பரில், நாகமங்கலம் அருகே அந்த ஆலைப் பெண்கள் தங்கும் விடுதியின் குளியலறையில் மறைத்து வைத்த கேமரா கண்டுபிடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் இரவில் திரண்டு போராடினார்கள். நாளெல்லாம் செல்போனுக்குக் கூடு செய்தவர்கள், செல்போன் காலத்தின் சிறு கண்ணுக்கு அஞ்சிக் குளிக்க வேண்டிய நிலை. அவர்கள் கேட்டதில் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. தாழ்ப்பாளைப் போட்டால் தனிமை வேண்டும், அவ்வளவுதான்.

செல்போனை வாங்கும் பக்கத்திலும் கணக்கு இப்படித்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தான் பயன்படுத்தும் செல்போன் தனக்கென்று உள்ள பெண்கள் இந்தியாவில் 53.9 சதவீதம். மற்றவர்களின் ஓ.டி.பி. கணவனின் போனுக்கோ மகனின் போனுக்கோ போகிறது. வங்கிக் கணக்கு அவள் பெயரில், கடவுச் சொல் அவன் கையில். போன் உள்ளவர்களுக்கும் அது ஒரு கையில் அடங்குவதில்லை. கட்டைவிரல் திரையின் மறுமூலையை எட்டுவதில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல் ரேகையை அது அடையாளம் காண மறுக்கிறது. "ஈரக் கையால தொடாதீங்கம்மா" என்கிறார்கள் கடையில். ஈரம் படாத கை நம் வீடுகளில் யாருடைய கை?

என் வீட்டுச் சலவை இயந்திரம் தண்ணீரை வெளியேற்றாமல் நின்றது. எந்த இடத்தில் நிற்கிறது, எந்த எண் மின்னுகிறது என்று நான் எழுதியே வைத்திருந்தேன். வந்த மெக்கானிக் தாளைப் பார்க்கவில்லை. "வீட்ல சார் இல்லீங்களா மேடம்?" என்று கேட்டார். துணி துவைப்பது பெண்ணின் வேலை. துவைக்கும் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவது மட்டும் ஆணின் வேலை என்றால், நான் சொன்ன பழுது எங்கே பதிவாகும்?

பதிவாக ஓர் இடம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தயாரிப்பில் நேரும் குறையோடு வடிவமைப்பிலேயே இருக்கும் குறைக்கும் உற்பத்தியாளர் பொறுப்பு என்று சொல்கிறது. அந்தக் குறையால் உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால் இழப்பீடு கேட்கலாம். நிறுவனம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். ரசீது நம் பெயரில் இருந்தால் வேலை எளிது. ஆகவே அடுத்த முறை கடையில் "பில் யார் பேர்ல மேடம்?" என்று கேட்கும்போது, உங்கள் பெயரைச் சொல்லுங்கள். முணுமுணுப்பு புகார் மனுவாக மாறுவது அந்தத் துண்டுச் சீட்டிலிருந்துதான்.