மறுதேர்வு

கல்லூரி ஆசிரியர்கள் கூடுமிடத்தில் ஓயாது ஒலிக்கும் புலம்பல் ஒன்றுண்டு: முதலாண்டில் வந்து சேரும் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நாமும் அப்புலம்பலில் பங்கேற்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. 1951-ஐ ஒட்டி அமெரிக்காவில் எழுந்த புலம்பலோ இதற்கு நேரெதிரானது. பள்ளியில் கற்றதையே கல்லூரி முதலாண்டில் மறுபடியும் கற்று மாணவர்கள் சலிப்படைகின்றனர் என்பது அங்கே கவலை. ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் என்னும் மூன்று தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இதனை ஆராய்ந்தன. கென்யன் கல்லூரித் தலைவர் கார்டன் சால்மர்ஸ் முன்னின்ற இன்னொரு குழு, கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே நடத்தித் தேர்வு வைப்பதற்கு வழி வகுத்தது. இரண்டுக்கும் ஃபோர்டு அறக்கட்டளையின் பணம் துணைநின்றது. 1955-இல் காலேஜ் போர்டு இம்முயற்சியை ஏற்றது. 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்ற அத்தேர்வை 1956-இல் எழுதியவர்கள் 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 பேர். ஐந்துக்கு மூன்று பெற்றாலே தேர்ச்சி எனக் கொள்வது வழக்காயிற்று.

தமிழ்நாட்டிலும் கல்லூரி வகுப்பு ஒன்று பள்ளிக்கு இறங்கி வந்ததுண்டு. 1978-இல் புகுமுக வகுப்பு கல்லூரியை விட்டு நீங்க, பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு தோன்றியது. ஆனால் அது மேற்படிப்பை நாடும் அனைவருக்குமான மாற்றம். அமெரிக்க ஏற்பாடோ முந்தி ஓடக்கூடிய சிலருக்கென்றே பிறந்தது. யார் அந்தச் சிலர் என்ற கேள்வி பிறக்கும்போதே அதனுடன் ஒட்டிக்கொண்டது.

அக்கேள்விக்குக் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஒரு விடை வந்தது. மெக்சிகோ வழிவந்த உழைப்பாளிக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளி அது. எழுபதுகளில் அங்கீகாரத்தையே இழக்கும் நிலையில் இருந்தது. 1974-இல் அங்கே கணித ஆசிரியராகச் சேர்ந்தவர் ஹைமே எஸ்கலாந்தே. பொலிவியாவில் ஆசிரியராக இருந்தவர். அமெரிக்காவுக்கு வந்தபின் உணவகத்தில் தரை துடைத்தபடியே மறுபடியும் பட்டம் பெற்றவர். அவர் அடிக்கடி சொன்ன ஸ்பானியச் சொல் 'கானாஸ்'. வேட்கை எனலாம், ஊக்கம் எனினும் பொருந்தும். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருப்பதால் நமக்கு அச்சொல் அந்நியமாகத் தோன்றவில்லை.

1979-இல் அவரிடம் நுண்கணிதம் பயின்று தேர்வெழுதியவர்கள் ஐவர், தேறியவர்கள் இருவர். அடுத்த ஆண்டு ஒன்பதில் எழுவர். 1981-இல் பதினைந்தில் பதினால்வர். 1982-இல் பதினெட்டுப் பேர் எழுதி, பதினெண்மரும் தேறினர்.

அங்கேதான் வினை தொடங்கிற்று. விடைத்தாள்களில் ஒரே வகையான தவறுகள் தென்படுவதாகத் தேர்வு நடத்திய எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் நிறுவனம் ஐயுற்றது. பதினால்வரின் மதிப்பெண்கள் கேள்விக்குள்ளாயின. ஒரே ஆசிரியரிடம் ஒரே முறையில் பயின்றவர்கள் ஒரே இடத்தில் இடறுவதில் வியப்பென்ன என்று கார்ஃபீல்டு தரப்பு கேட்டது. பள்ளி வேறாக, பெயர்கள் வேறாக இருந்திருந்தால் இந்த ஐயம் இத்தனை தூரம் போயிருக்குமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. விடைத்தாள் திருத்தும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில், ஒத்த தவறுகளைக் கண்டால் நாமும் புருவம் உயர்த்துவோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் யாருடைய தாளில் கண்டால் அது உடனே உயர்கிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டதில்லை.

பன்னிருவர் மறுதேர்வுக்கு இசைந்தனர். கோடை விடுமுறையில் புத்தகத்தை மூடிவிட்டிருந்த பிள்ளைகள், ஆகஸ்ட் இறுதியில் மீண்டும் எழுதினர். பன்னிருவரும் தேறினர்.

1988-இல் வெளிவந்த 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' திரைப்படம் இதனை உலகறியச் செய்தது. எஸ்கலாந்தேயாக எட்வர்டு ஜேம்ஸ் ஓல்மோஸ் நடித்தார். படம் நல்ல படமே. எனினும் கூட்டல் கழித்தலில் தடுமாறியவர்கள் குறுகிய காலத்தில் நுண்கணிதம் தேர்ந்துவிட்டதைப் போன்ற மயக்கத்தை அது தருகிறது. அந்த 1982-க்குப் பின்னால் எட்டாண்டு உழைப்பு இருந்தது. கீழ்வகுப்புகளிலிருந்தே படிப்படியாகக் கணிதம் வலுப்படுத்தப்பட்டது. பின்னாளில் அருகிலிருந்த கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரியில் கோடை வகுப்புகளும் நடந்தன. ஹென்றி கிராடியாஸ் என்ற தலைமையாசிரியரும் ஹிமேனெஸ் என்ற சக ஆசிரியரும் தோள் கொடுத்தனர். வசனமாக எழுத இவற்றில் சுவை ஏதுமில்லை. படத்தில் இவை மங்கிப்போனதும் அதனால்தான் போலும்.

1987-இல் கிராடியாஸ் பதவியை விட்டு நீங்கினார். 1991-இல் எஸ்கலாந்தேயும் கார்ஃபீல்டை விட்டு சாக்ரமெண்டோ நகரப் பள்ளியொன்றுக்குச் சென்றார். வகுப்பில் ஐம்பது பேருக்கு மேல் சேர்த்துக் கற்பித்ததில் ஆசிரியர் சங்கத்தோடு பிணக்கு; சக ஆசிரியர் சிலரோடும் மனத்தாங்கல். அவர் சென்ற சில ஆண்டுகளுக்குள் கார்ஃபீல்டில் நுண்கணிதம் தேறுவோர் தொகை பெரிதும் சுருங்கிற்று. 2010-இல் எஸ்கலாந்தே மறைந்தார். 2016-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் உருவத்தைத் தாங்கிய தபால்தலையை வெளியிட்டது.