கையெழுத்தோடு நின்றுவிடலாமா? முதியோர் எழுத்தறிவு வகுப்புகளும் தன்னார்வலர்களின் பொறுப்பும்

எழுத்தறிவு வகுப்பொன்றில் தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்ட பெண் ஒருவர், சில மாதங்களுக்குப் பிறகு வன்கொடுமைப் புகார் கொடுக்கக் காவல் நிலையம் சென்றார். அங்கு நீட்டப்பட்ட தாளில் கைநாட்டு வைக்காமல் பெருமையோடு கையெழுத்திட்டார். தாம் சொன்ன புகாரே அதில் எழுதப்பட்டிருப்பதாக நம்பினார். வழக்கு எங்களிடம் வந்தபோதுதான், இரு தரப்பும் சமாதானமாகப் போய்விட்டதாக எழுதப்பட்ட கடிதம் அது என்று தெரிந்தது. "படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?" என்பதே எதிர்த்தரப்பு அவரிடம் கேட்ட முதல் கேள்வி. அவருக்குப் பெயர் எழுதத் தெரியும், படிக்கத் தெரியாது.

சேரிகளிலும் காலனிகளிலும் மாலை வகுப்பு நடத்தும் கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் எதைக் கற்பிக்க வேண்டும், எதை முன்னிறுத்த வேண்டும் என்பதை இந்த இடைவெளியிலிருந்தே சிந்திக்க வேண்டியுள்ளது.

இரவுப் பள்ளிகளின் மரபு

உழைக்கும் மக்களுக்கான கல்வியை ஒடுக்கப்பட்டோர் இயக்கங்கள் தொடக்கத்திலேயே கையில் எடுத்தன. ஜோதிராவ் புலேவும் சாவித்திரிபாய் புலேவும் 1855இல் புனேயில் உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இரவுப் பள்ளி தொடங்கினர். சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் உள்ளிட்டோரின் தொடர்பால் கர்னல் ஆல்காட் 1894இல் பஞ்சமர் இலவசப் பள்ளியை நிறுவினார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1924இல் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா, விடுதிகளையும் நூலகங்களையும் தன் பணிகளில் சேர்த்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் முதியோர் கல்வி மக்கள் இயக்கமாக வளர்ந்தது அறிவொளிக் காலத்தில்தான். 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஊதியமின்றிக் கற்பித்தனர். பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். நிலமற்றோருக்கு நிலவுரிமையை நினைவூட்டும் 'பட்டா' என்ற சொல் அதன் தொடக்கப் பாடத்திலேயே இடம்பெற்றது. கற்பவரின் வாழ்க்கைப் போராட்டத்திலிருந்தே முதற்சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பாடத்தை அந்த இயக்கம் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது.

சட்டம் கைவிட்ட வயது

2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தத்தால் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 21ஏ பிரிவும், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரையிலானோருக்கே கல்வியை அடிப்படை உரிமையாக்குகின்றன. பள்ளியிலிருந்து விரட்டப்பட்டு வளர்ந்துவிட்டவருக்கு அப்படி ஓர் உரிமை இல்லை. அவருக்கு இருப்பது திட்டம் மட்டுமே. 15 வயதுக்கு மேற்பட்ட 5 கோடிப் பேரை இலக்காகக் கொண்டு 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் ஊதியமில்லாத தன்னார்வலர்களையே நம்பியிருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் எழுத்தறிவு விகிதம் 73 சதவீதம். பட்டியல் சாதியினரிடையே அது 66.1 சதவீதம், பட்டியல் சாதிப் பெண்களிடையே 56.5 சதவீதம். புரிதலோடு படிக்கவும் எழுதவும் தெரிந்தவரே எழுத்தறிவு பெற்றவர் என்பது கணக்கெடுப்பின் வரையறை. பெயர் மட்டும் எழுதத் தெரிந்தவரை எழுத்தறிவு பெற்றவராகக் கணக்கில் சேர்ப்பது இவ்வரையறைக்கே எதிரானது.

கையெழுத்தின் சட்டப் பொருள்

ஒரு ஆவணத்தில் கையெழுத்திட்டவர் அதைப் படித்துப் புரிந்துகொண்டே கையெழுத்திட்டார் என்று நீதிமன்றங்கள் பொதுவாக அனுமானிக்கின்றன. அதை மறுக்க முடியும். ஆனால் நிரூபிக்கும் சுமை மறுப்பவர்மீது விழும். எழுத்தறிவற்ற பெண்ணின் கைநாட்டு உள்ள ஆவணங்களில், அதன் உள்ளடக்கம் அவருக்குப் புரியவைக்கப்பட்டது என்பதை ஆவணத்தால் பயன்பெறுபவரே நிரூபிக்க வேண்டும் எனப் பல தீர்ப்புகள் கூறியுள்ளன. ஆகவே, படிக்கத் தெரியாதவருக்குக் கையெழுத்தை மட்டும் கற்றுக்கொடுத்தால், அவருக்கிருந்த ஒரு பாதுகாப்பை நாமே பலவீனப்படுத்துகிறோம்.

கைநாட்டு ஓர் இழிவாக நம் மக்கள்மீது சுமத்தப்பட்டது. அதைக் களைவது தன்மானத்தின் பகுதி. இதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கையெழுத்தைக் கற்பிக்கும் அன்றே, "படிக்காமலும் படித்துக் காட்டச் சொல்லாமலும் எதிலும் கையெழுத்திட மாட்டேன்" என்ற உறுதியையும் கற்பித்தாக வேண்டும்.

வகுப்பில் என்னென்ன தாள்கள்?

பாடநூலுடன் கீழ்க்கண்டவற்றின் நகல்களையும் வகுப்புக்குக் கொண்டுவரலாம். பெயர், முகவரி போன்ற சொந்த விவரங்களை மறைத்துவிட வேண்டும்.

முதல் தகவல் அறிக்கை: வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதியபின் புகார்தாரருக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் பெற வேண்டும். நகலை இலவசமாகத் தர வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு இதைக் கூறுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி, பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாத அரசு ஊழியர் இக்கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

சாட்சி வாக்குமூலம்: விசாரணையின்போது காவல்துறை எழுதும் வாக்குமூலத்தில் அதைச் சொன்னவரிடம் கையெழுத்துப் பெறக் கூடாது என்கிறது அதே சன்ஹிதாவின் 181ஆவது பிரிவு.

முன்பணச் சீட்டும் புரோநோட்டும்: தொகை எண்ணிலும் எழுத்திலும் ஒன்றாக உள்ளதா, தேதி உள்ளதா, வெற்றிடம் விடப்பட்டுள்ளதா என்று பார்க்கப் பழக்க வேண்டும். செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிச் செல்லும் குடும்பங்களுக்கு, கொத்தடிமைக் கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நீக்கிவிட்டது என்பதும் தெரிய வேண்டும்.

பட்டா, சாதிச் சான்றிதழ், மகளிர் குழுக் கடன் அட்டை, வங்கிப் புத்தகம்: இவற்றில் பெயர், புல எண், தொகை ஆகியவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதே நல்ல பயிற்சி. தம் பெயரும் தம் ஊரும் உள்ள தாளைப் படிக்கும்போது வரும் ஆர்வம் 'அணில், ஆடு' படிக்கும்போது வருவதில்லை.

இடைநின்ற இளைஞர்களுக்கு வேறு இலக்கு தேவை. எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுத வழியுண்டு. விண்ணப்பம் நிரப்புவது முதல் தேர்வறை வாசல்வரை உடன் செல்பவர் ஒருவர் அவர்களுக்கு வேண்டும்.

தன்னார்வலர் கவனிக்க வேண்டியவை

வகுப்பு நடக்கும் இடத்துக்கும் சாதி உண்டு. ஊர்த்தெருக் கோயில் மண்டபத்தில் வகுப்பு வைத்தால் காலனிப் பெண்கள் வரமாட்டார்கள். காலனிக்குள் உள்ள சமூகக்கூடமோ படிப்பகமோ பொருத்தமானது. நேரத்தைக் கற்பவர்களே முடிவு செய்யட்டும். நடவுக் காலத்தில் ஆள் குறைவதை அக்கறையின்மை என்று எண்ணிவிடக் கூடாது.

வயதில் மூத்தவரை அம்மா, அக்கா, ஐயா, அண்ணன் என்றே அழைக்க வேண்டும். ஊர்த்தெருவில் சிறுவர்கூடப் பெயர் சொல்லி அழைத்து வாழ்நாள் முழுதும் அவமதிக்கப்பட்டவர்கள் அவர்கள். வகுப்பறையிலும் அது தொடரக் கூடாது. தவறாகப் படித்தால் சிரிப்பதும், பிள்ளைகள் முன்னிலையில் திருத்துவதும் மறுநாள் வருகையை நிறுத்திவிடும்.

தன்னார்வலர் எவருக்கும் மனு எழுதிக் கொடுப்பதோடு நின்றுவிட வேண்டாம். முதல் மனுவை அவர் சொல்லச் சொல்ல எழுதித் திரும்பப் படித்துக் காட்டலாம். இரண்டாவதை அவரோடு சேர்ந்து எழுதலாம். மூன்றாவதை அவரே எழுதட்டும்.

நம் உழைப்பு அரசின் கடமைக்கு மாற்றாகிவிடவும் கூடாது. நிலையான கற்றல் மையமும், கற்பிப்போருக்கு மதிப்பூதியமும், 14 வயதைக் கடந்தோருக்கும் கல்வி உரிமையும் வேண்டும் என்ற கோரிக்கைகள் வகுப்போடு சேர்ந்தே எழ வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன பெண் இப்போது மீண்டும் வகுப்புக்கு வருகிறார். அண்மையில் வழக்கு தொடர்பாக ஒரு தாளில் அவரது கையெழுத்துத் தேவைப்பட்டது. நாங்கள் நீட்டிய தாளை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆயிற்று. நாங்கள் காத்திருந்தோம்.