மழை திருத்திய விதி

2008 ஒக்டோபர் 27 திங்கட்கிழமை இரவு பிலடெல்பியா நகரில் பெய்த மழை, அமெரிக்க பேஸ்போல் விளையாட்டின் விதியொன்றையே திருத்த வைத்தது.

உலகத் தொடர் எனப்படும் இறுதிச் சுற்றில் முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணியே சம்பியன். அன்று நடைபெற்றது ஐந்தாவது ஆட்டம். பிலடெல்பியா பிலீஸ் மூன்றிலும் டம்பா பே ரேஸ் ஒன்றிலும் வென்றிருந்தன. அன்று வென்றால் பிலீஸுக்கு 1980க்குப் பின்னர் முதற்தடவையாகக் கிண்ணம் கிடைக்கும்.

பேஸ்போலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்கள். ஆனால், மழை குறுக்கிட்டால் ஐந்து இன்னிங்ஸ்களின் முடிவில் முன்னணியிலிருக்கும் அணியை வெற்றியாளராக அறிவிக்கலாம் என்பது நெடுங்கால வழக்கம். ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடவேண்டிய பருவகாலத்தில் இது நடைமுறைக்கு ஏற்றதே. சம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு எழுதி வைக்க எவருக்கும் தோன்றாததுதான் விந்தை.

ஐந்து இன்னிங்ஸ்கள் முடிந்தபோது பிலீஸ் 2-1 என முன்னணியில் இருந்தது. மழை வலுத்து மைதானம் சேறாகியும் ஆட்டம் நிறுத்தப்படவில்லை. ஆறாவது இன்னிங்ஸில் இருவர் ஆட்டமிழந்த நிலையில் ரேஸ் வீரர் பி.ஜே. அப்டன் இரண்டாவது பேஸைத் திருடினார். கார்லோஸ் பெனியா அடித்த பந்தில் ஓடிவந்து 2-2 எனச் சமன்செய்தார். அதன் பின்னரே ஆட்டம் இடைநிறுத்தப்பட்டது. உலகத் தொடர் வரலாற்றில் அவ்வாறு இடைநிறுத்தப்பட்ட முதல் ஆட்டம் அதுவே.

பிலீஸ் முன்னணியில் இருந்திருந்தாலும் மழையால் சுருங்கிய ஆட்டத்தை வைத்துச் சம்பியனை அறிவித்திருக்கமாட்டேன் என்றார் ஆணையாளர் பட் சீலிக். நியாயமான நிலைப்பாடுதான். ஆனால் அது ஒருவரின் வாய்மொழி. அச்சிலிருந்த விதி வேறு. அப்டன் அந்த ஓட்டத்தைப் பெறாதிருந்தால் அன்றிரவு பிலடெல்பியாவில் என்ன கூத்து நடந்திருக்குமோ!

1925இல் ஆணையாளராக இருந்த லாண்டிஸ் வேறு விதமாக நடந்துகொண்டார். பிட்ஸ்பேர்க்கில் ஏழாவதும் இறுதியுமான ஆட்டத்தை அவர் கொட்டும் மழையிலேயே நடத்தி முடித்தார். முதல் இன்னிங்ஸிலேயே நான்கு ஓட்டங்கள் பெற்ற வாஷிங்டன் அணிக்காக, 37 வயதான வோல்டர் ஜோன்சன் ஆட்டம் முழுவதும் சேற்றில் நின்று பந்துவீசி, 9-7 எனத் தோற்றார்.

பிலடெல்பியாவில் செவ்வாயன்றும் ஆட முடியவில்லை. ஏறத்தாழ 46 மணித்தியாலங்களின் பின்னர், புதன் இரவு, ஆறாவது இன்னிங்ஸின் பிற்பாதியிலிருந்து ஆட்டம் தொடர்ந்தது. 4-3 என வென்று பிலீஸ் சம்பியனாகியது.

2009 ஜனவரியில் அணி உரிமையாளர்கள் விதியை மாற்றினர். பருவகாலத்துக்குப் பிந்திய ஆட்டம் எதுவாயினும், எத்தனை நாட்கள் சென்றாலும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முழுமையாக ஆடி முடிக்கப்படவேண்டும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. உடல் குளிர்ந்துவிட்ட பந்துவீச்சாளரை மறுநாள் மீண்டும் இறக்குவது கடினம். 2011 செப்டெம்பர் 30 அன்று நியூயோர்க் யாங்கீஸும் டெட்ரோயிட் டைகர்ஸும் மோதிய ஆட்டம் ஒன்றரை இன்னிங்ஸ்களுடன் மழையால் நின்றது. மறுநாள் தொடர்ந்தபோது, இரு அணிகளினதும் முதன்மைப் பந்துவீச்சாளர்களான சபாத்தியாவோ வேர்லாண்டரோ களத்தில் இல்லை.