கியர் லீவர் ஆடுதா? முதல்ல புஷ்ஷைப் பாருங்க!

மெட்ராஸில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், அதே சேஸிஸை மாற்றி 1962-ல் பிரிட்டனில் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் பங்காளிகள். வியாதியும் ஒண்ணுதான்: கியர் லீவர் தொளதொளன்னு ஆடும். உடனே கியர்பாக்ஸைக் கழற்றச் சம்மதிக்காதீங்க. பெரும்பாலும் லீவருக்குக் கீழே இருக்கும் நைலான், ரப்பர் புஷ்கள்தான் தேய்ந்திருக்கும்.

ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலுக்கு வாங்க. டனல் கவரை உள்ளே உட்கார்ந்தே கழற்றலாம். தூத்துக்குடி உப்புக்காத்துக்கு போல்ட் இறுகியிருக்கும்; முந்தின ராத்திரியே துரு நீக்கும் ஆயில் அடிச்சு விடுங்க, இல்லன்னா தலை முறிஞ்சிடும். புது புஷ், கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான்.

மாத்தின பிறகும் ஓடும்போது கியர் தானா நழுவினா, கோளாறு கியர்பாக்ஸுக்குள்ளே. அந்த வண்டியோடு துறைமுகச் சாலை கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகாதீங்க. மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்க.