நைட்டிங்கேல் எழுதாத நைட்டிங்கேல் உறுதிமொழி

1/ நர்சிங் மாணவிகள் கையில விளக்கோட நின்னு உறுதிமொழி எடுக்கிறதைப் பார்த்திருப்பீங்க. பேரு நைட்டிங்கேல் உறுதிமொழி. ஆனா அதை எழுதினது நைட்டிங்கேல் இல்லை.

2/ 1893, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். ஃபாரண்ட் நர்சிங் பயிற்சிப் பள்ளியில லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில ஒரு குழு எழுதினது. டாக்டர்களோட ஹிப்பாக்ரடீஸ் உறுதிமொழிதான் அதுக்கு முன்மாதிரி. மரியாதைக்காக நைட்டிங்கேல் பேரை வச்சாங்க.

3/ மரியாதைக்கு வச்ச பேரு, நாளடைவுல எழுதினவர் பேரா மாறிடுச்சு. கிரெட்டரை இன்னிக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

4/ இங்க யாரும் திருடலை. ஆனாலும் உழைச்சவங்க பேரு மறைஞ்சு போச்சு. ஆய்வறிக்கை, கட்டுரை எழுதுற சிஸ்டர்களே, எங்கிருந்து எடுத்தீங்கன்னு ஒரு வரி போடுங்க. சொந்த வார்த்தையில மாத்தி எழுதினாலும், கருத்து அவங்களோடதுதான்.