முகாமுக்குள்ளே ஒரு ராஜபாட்டை

 

கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சான் டியகோவுக்குக் கடலோரமாகவே சைக்கிளில் போகிறவர்களுக்கு, பாதி வழி தாண்டினதும் ஒரு சிக்கல் வரும். வடக்கே சான் க்ளெமெண்ட்டே, தெற்கே ஓஷன்சைடு. இந்த ரெண்டு ஊருக்கும் நடுவில் சுமார் 27 கிலோமீட்டர் கடற்கரை மொத்தமும் ஒரே கையில் இருக்கிறது. அமெரிக்க மரீன் படையின் கேம்ப் பெண்டில்டன். பரப்பு சுமார் 1,25,000 ஏக்கர். மேற்கே கடல், கிழக்கே மலை. சுற்றிக்கிட்டுப் போகலாம்னா அன்றைய பொழுது அதிலேயே போயிடும்.

காரில் போகிறவங்களுக்குப் பிரச்சனை இல்லை. இண்டர்ஸ்டேட் 5 என்கிற ஃப்ரீவே முகாம் நிலத்தின் மேலேயே ஓடுகிறது. ரயிலும் அப்படித்தான். ரெண்டுக்குமே முகாம் காவலர் அனுமதி தேவையில்லை. (வடக்கே போகும் பக்கம் எல்லைக் காவல் படையின் குடியேற்றச் சோதனைச் சாவடி ஒன்று உண்டு. அது தனிக் கதை, அதுக்கும் முகாமுக்கும் சம்பந்தமில்லை.) முகாம் வாசலில் நின்னு ‘நீ யாரு, எங்க போற?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் சைக்கிள்காரன் மட்டும்தான்.

ஏன் அவன் மட்டும்? ஓஷன்சைடில் குடியிருந்து சான் க்ளெமெண்ட்டே பக்கம் வேலைக்குப் போய்வந்த காலத்தில், வாரத்துக்கு ரெண்டு நாள் சைக்கிள் மிதிச்சவன் நான். அப்போ மனசுல விழுந்த கேள்வி இது. விடை தேடப் போனா, அது 1769 வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு.

வழி முதலில், வேலி பிறகு

அந்த வருஷம் ஜூலையில், போர்த்தோலா என்ற ஸ்பானியத் தளபதியின் படை சான் டியகோவிலிருந்து வடக்கே நடந்தது. ஜூலை 20 புனித மார்கரெட் திருநாள் என்பதால், அன்று தங்கின பள்ளத்தாக்குக்கு சாந்தா மார்கரீட்டா என்று பேர் வைத்தார்கள். ரெண்டு நாள் கழித்து, கூட வந்த பாதிரியார்கள் சாகக் கிடந்த ரெண்டு பூர்வகுடிச் சிறுமிகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்தப் பள்ளத்தாக்குக்கு லாஸ் க்ரிஸ்தியானீத்தோஸ், அதாவது ‘குட்டிக் கிறிஸ்தவர்கள்’ என்று பேர் வந்தது. இன்றைக்கும் சான் க்ளெமெண்ட்டேயிலிருந்து முகாம் பக்கம் போகும் சைக்கிள்காரர்கள் திரும்புகிற சாலையின் பேர் க்ரிஸ்தியானீத்தோஸ் ரோடுதான்.

அவங்க வந்தப்போ அது ஆளில்லாத நிலம் இல்லை. சான் மத்தேயோ ஓடைப் பக்கம் அஹாச்சமென் மக்களின் பான்ஹே என்ற பழைய ஊர் இருந்தது. தெற்கே லூயிசேன்யோ மக்கள். அவங்க நடந்த தடத்தில்தான் ஸ்பானியர்கள் நடந்தார்கள். அதுதான் பிறகு மிஷன்களை இணைக்கும் ‘எல் கமீனோ ரியால்’ ஆச்சு. நம்ம மொழியில் அப்படியே சொன்னா ராஜபாட்டை.

1841-இல் மெக்சிகோ அரசு இந்த நிலத்தை பீயோ பீக்கோ, ஆந்த்ரேஸ் பீக்கோ என்ற சகோதரர்களுக்கு மானியமாகக் கொடுத்தது. பீயோ பீக்கோதான் மெக்சிகோ ஆட்சியில் கலிஃபோர்னியாவின் கடைசி கவர்னர். அண்ணன் தம்பி கடனில் மூழ்க, 1864-இல் பண்ணை அவங்க மச்சான் ஜான் ஃபார்ஸ்டர் கைக்குப் போச்சு. 1882-இல் அவர் செத்ததும் ஃப்ளட், ஓநீல் குடும்பங்கள். இத்தனை கை மாறியும் கடலோர வழி மட்டும் எல்லாருக்கும் வழியாகவே இருந்தது. மாடு போச்சு, குதிரை வண்டி போச்சு, பிறகு மோட்டார் வந்தது. 1926-இல் அந்த வழிக்கு யு.எஸ். 101 என்ற நெடுஞ்சாலை எண்ணும் கிடைத்தது.

1942-இல் போர். பசிபிக்கில் கரையிறங்கிச் சண்டை போடப் பழகுவதற்கு மரீன்களுக்குக் கடற்கரை தேவைப்பட்டது. பண்ணையின் பெரும்பகுதியை அரசாங்கம் 42 லட்சம் டாலர் சொச்சத்துக்கு வாங்கியது. அந்த வருஷம் செப்டம்பர் 25 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நேரில் வந்து முகாமை அர்ப்பணித்தார். அதுக்கப்புறமும் 101 நெடுஞ்சாலை முகாம் நிலத்தில் பொதுமக்களோடு ஓடிக்கிட்டுதான் இருந்தது. இதை ஞாபகம் வச்சுக்குங்க. முகாம் வந்ததால் வழி போகவில்லை.

வழி போனது ஃப்ரீவேயால்

1956-இல் அமெரிக்காவில் இண்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் வந்தது. 1960களின் பிற்பகுதிக்குள் இந்தப் பகுதியில் பழைய 101-இன் வேலையை இண்டர்ஸ்டேட் 5 எடுத்துக்கிச்சு. ஓட்டுறவங்களுக்குக் கொண்டாட்டம். பழைய சாலை துண்டு துண்டானது. வடக்கே ஒரு துண்டு, 1971-இல் உருவான சான் ஒனோஃப்ரே மாநிலக் கடற்கரைப் பூங்காவுக்குள் போனது. மிச்சம் முகாமுக்குள் தங்கிப்போச்சு.

இங்கேதான் சூட்சுமம். பழைய 101 எல்லாருக்கும் பொது. காரும் போகலாம், சைக்கிளும் போகலாம், நடந்தும் போகலாம். புதுசா வந்த ஃப்ரீவே மோட்டார் வண்டிக்காகக் கட்டினது. கார்க்காரனுடைய உரிமை பழைய சாலையிலிருந்து புதுச் சாலைக்கு முழுசாக மாறிப்போச்சு. சைக்கிள்காரனுடைய உரிமை மட்டும் எங்கேயும் மாறவில்லை. வேலிக்குள்ளே போன பழைய தாரோடு சேர்ந்து அதுவும் உள்ளே போயிடுச்சு. அதுக்குப் பதிலா அவனுக்குக் கிடைத்தது அனுமதி. உரிமை வேற, அனுமதி வேற. உரிமையைப் பறிக்கக் காரணம் சொல்லணும். அனுமதியை நிறுத்த ஒரு அறிவிப்புத் தாள் போதும்.

இதில் வேடிக்கை என்னன்னா, 1976-இல் நாட்டின் இருநூறாம் ஆண்டு விழாவை ஒட்டி, மாநில நெடுஞ்சாலைத் துறையே கடலோரமாக ஒரு சைக்கிள் வழியைக் குறித்தது. ஆரெகன் எல்லையிலிருந்து மெக்சிகோ எல்லை வரை, கிட்டத்தட்ட 1,600 கிலோமீட்டர். அந்த வழியின் ஒரு கண்ணி இந்த முகாம். அரசாங்கத்தின் ஒரு கை ‘வாங்க வாங்க’ன்னு வரைபடம் கொடுக்குது, இன்னொரு கை வாசல்ல நின்னு ‘இன்னைக்கு இல்ல’ன்னு சொல்லுது :-)

வாசலில் மாறிய விதிகள்

வடக்கிலிருந்து வந்தால் சான் ஒனோஃப்ரே அணு மின்நிலையத்தைத் தாண்டி (2012 ஜனவரியில் நின்றது, 2013-இல் நிரந்தரமாக மூடினார்கள்), பூங்காவைத் தாண்டி, கார் இல்லாத பழைய தடத்தில் லாஸ் புல்காஸ் சாலை வரைக்கும் நிம்மதியாக வரலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புல்வெளி, நடுவில் நீங்களும் காற்றும். அங்கேதான் முகாம் வாசல். உள்ளே விட்டால் ஸ்டூவர்ட் மேசா சாலை பிடித்து ஓஷன்சைடு பக்கம் வெளியே வந்துடலாம்.

ஒரு காலத்தில் அடையாள அட்டையும் தலையில் ஹெல்மெட்டும் இருந்தால் போதும், காவலர் தலையசைப்பார். 2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்க முகாம்கள் எல்லாத்திலும் வாசல் இறுகியது. எச்சரிக்கை நிலை ஏறினா வாசல் மூடும், இறங்கினா திறக்கும். 2010களின் பின்பாதியில், முன்கூட்டியே நேரில் போய்ப் பதிவு செய்து, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்தவர்களுக்குத்தான் வழி என்றானது. வெளியூரிலிருந்து மிதித்து வருகிறவனுக்கு இது பெரிய தடை. வெளிநாட்டுக் குடிமக்களுக்கு வாசல் கிட்டத்தட்ட மூடினதுதான். 2020-இல் கொரோனா வந்து அதுக்கு மேல் ஒரு பூட்டும் போட்டது.

முகாம் பக்க நியாயத்தையும் சொல்லணும். அது காட்சிப்பொருள் இல்லை. நிஜ குண்டு வெடிக்கிற பயிற்சி நிலம், படை வீரர்களின் குடும்பங்கள் வாழுற குடியிருப்பு. யார் உள்ளே வந்தார்கள் என்று தெரிஞ்சு வச்சுக்கிறது தளபதியின் பொறுப்பு. நான் பார்த்த காவலர்கள் எல்லாம் இருபது வயசுப் பசங்க. மரியாதையாத்தான் பேசினாங்க. விதியை எழுதினது அவங்க இல்லையே.

வாசல் இல்லைன்னா வேற வழி? அதே ஃப்ரீவேதான்! சைக்கிளுக்கு மாற்று வழி கிடையாது என்பதால், லாஸ் புல்காஸிலிருந்து ஓஷன்சைடு துறைமுகம் வரை சுமார் 13 கிலோமீட்டருக்கு இண்டர்ஸ்டேட் 5-இன் ஷோல்டரில், அதாவது பழுதான வண்டியை ஒதுக்கி நிறுத்த விட்டிருக்கும் ஓரப்பட்டையில், சைக்கிளை அனுமதித்தார்கள். ஓட்டினவன் சொல்றேன். கண்ணுக்குத் தெரியும் பயம் லாரி. கண்ணுக்குத் தெரியாத பயம், லாரி டயர் வெடிச்சுச் சிதறின மெல்லிய கம்பி. ட்யூபுக்குள் ஊசி மாதிரி இறங்கும். பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் உலகம் ஓடும். நடுவில் அலீசோ க்ரீக் ஓய்விடம் வரும். அதுக்குள் நுழையும் வண்டி, வெளியே வரும் வண்டி ரெண்டையும் பார்த்து, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு தடத்தைக் கடக்கணும். பாதுகாப்புக்காக வாசலை மூடினப்போ ஆபத்து காணாமப் போயிடலை. வேலிக்கு உள்ளே இருந்தது வேலிக்கு வெளியே வந்துச்சு, அவ்வளவுதான்.

சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கிட்டுப் போகலாமே என்பீங்க. நானும் போயிருக்கேன், நல்ல வழிதான். ஆனா சான் க்ளெமெண்ட்டே பக்கம் மண் சரிந்து, 2022 செப்டம்பர் கடைசியிலிருந்து பல மாதம் பயணிகள் ரயிலே நின்று போனது. ரெண்டாவது வழியும் மூடினால் மிச்சம் அந்த ஓரப்பட்டைதான்.

நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கு?

கேஸ் போட்டு ஜெயிக்க முடியாதான்னு எனக்கும் தோணுச்சு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தச் சைக்கிள் விவகாரத்தைத் தொட்டதில்லை. ஆனா ‘ராணுவ நிலத்தில் பொதுஜனம்’ என்ற கேள்வியைப் பல தடவை தொட்டிருக்கு.

1961: வாஷிங்டனில் ஒரு கடற்படை ஆயுதத் தொழிற்சாலை உணவகத்தில் வேலை பார்த்த சமையல்காரம்மாவின் நுழைவு அட்டையைப் பறித்துவிட்டார்கள். விசாரணை கிடையாது. ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு: யாரை உள்ளே விடுவது என்பது தளபதியின் அதிகாரம்.

1972: டெக்சாஸில் ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் முகாமுக்குள் ஓடும் நியூ ப்ரான்ஃபெல்ஸ் அவென்யூவில் ஒருத்தர் துண்டுப் பிரசுரம் கொடுத்தார், கைதானார். அந்தத் தெருவில் காவலும் இல்லை, தடுப்பும் இல்லை. ஊர் முழுக்க நடமாடும் தெருவை ராணுவம் தன்னுடையது என்று தனியாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

2014: இதே கலிஃபோர்னியாவில் வேண்டன்பர்க் விமானப் படைத் தளம். அதன் நிலத்தில் ஹைவே 1 ஓடுகிறது, பொது வழி உரிமையோடு. சாலையோரம் போராட்டத்துக்கென்றே ஒதுக்கின இடத்தில், ஏற்கெனவே தடை விதிக்கப்பட்டிருந்த ஒருவர் வந்து நின்றார். பொது வழி உரிமை கொடுத்திருந்தாலும் நிலம் ராணுவத்துடையதுதான், தளபதியின் தடை அங்கேயும் செல்லும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்.

பொது வழின்னு எழுதிக் கொடுத்த இடத்துக்கே இந்தக் கதின்னா, ஒரு வரி கூட எழுதிக் கொடுக்காத சைக்கிள் தடத்துக்கு என்ன பலம் இருக்கும்?

கண்டோன்மெண்ட் பக்கம் வளர்ந்த நம்மூர்க்காரங்களுக்கு இது புதுசு இல்லை. ஆனா ஒரு வித்தியாசம். இந்தியாவில் 2006-ஆம் வருஷ கண்டோன்மெண்ட் சட்டத்தின் 258-ஆம் பிரிவு, பாதுகாப்புக் காரணம் இல்லாமலும், பொது அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்காமலும் தெருவை மூடக்கூடாது என்றது. செகந்திராபாத் மாதிரி ஊர்களில் அதையும் மீறி மூடினார்கள் என்று சண்டை வந்தது. 2018 மே மாதம், அப்போ பாதுகாப்பு அமைச்சராக இருந்த நிர்மலா சீதாராமன் மூடின சாலைகளைத் திறக்கச் சொன்னார். படை அதிகாரிகளின் குடும்பங்கள் எதிர்த்தன, மறுபரிசீலனை நடந்தது, சிலது திறந்தது, சிலது திறக்கலை. முழு வெற்றி இல்லைதான். ஆனா கையில் காட்ட ஒரு சட்டப் பிரிவு இருந்ததே, அதனால்தான் அந்தச் சண்டையே நடந்தது.

பெண்டில்டன் கதையில் எனக்குப் புரிந்தது இதுதான். வழி பறிபோன நாள் காவலர் ‘இல்லை’ன்னு சொன்ன நாள் அல்ல. 1960களில் புதுச் சாலை திறந்து எல்லாரும் கை தட்டின நாள்தான் அது. ‘பழைய சாலையில் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் வழி உண்டு’ என்று அன்றைக்குக் காகிதத்தில் ஒரு வரி ஏறியிருந்தால், பிறகு வந்த ஒவ்வொரு தளபதியும் அந்த வரிக்குப் பதில் சொல்லியாகணும். எழுதாமல் விட்டதால், அறுபது வருஷமா ஒவ்வொரு தலைமுறை சைக்கிள்காரனும் வாசலில் நின்னு புதுசா கேட்டுக்கிட்டிருக்கான்.

உங்க ஊரிலும் பைபாஸ் வரும், மேம்பாலம் வரும், விமான நிலைய விரிவாக்கம் வரும். ரிப்பன் வெட்டும்போது பழைய வழியில் யார் நடந்துக்கிட்டிருந்தாங்க, அவங்க நாளைக்கு எப்படிப் போவாங்கன்னு ஒருத்தராவது கேளுங்க. பதிலை எழுத்துல வாங்குங்க.

அந்தப் பக்கம் சைக்கிள்ல போற எண்ணம் இருக்கிறவங்க, கிளம்புறதுக்கு முன்னாடி அன்றைய விதி என்னன்னு முகாம் அறிவிப்பைப் பார்த்துட்டுப் போங்க. ரெண்டு ட்யூபும் கூட எடுத்துக்குங்க.