துரும்பும் மணி காட்டும்

காலத்தை அளக்க மனிதன் தொடக்கத்திலேயே கையாண்ட கருவி நிழல். ஒரு கோலைத் தரையில் செங்குத்தாக நட்டால் போதும். காலையில் நீண்டு கிடக்கும் அதன் நிழல் உச்சிவேளை வரை குறுகிக்கொண்டே வருகிறது; பிற்பகலில் மீண்டும் நீள்கிறது. இந்த மாற்றத்தை அளக்கக் கோடுகள் கிழித்துவிட்டால் அதுவே சூரிய கடிகாரம்.

எளிய கருவிதான். ஆனால் அதனுள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஓர் ஊருக்கென்று செய்த சூரிய கடிகாரம் வேறோர் ஊரில் சரியான நேரம் காட்டாது. ஐரோப்பியர் இந்த உண்மையைக் கற்றுக்கொண்ட வரலாறு சுவையானது. அதனோடு தமிழ்நாட்டில் வழங்கிவந்த ஒரு துரும்புக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தால் சிக்கல் முழுதும் தெளிவாகிவிடும்.

ரோம் நகரின் 99 ஆண்டுகள்

நிழற்கோலையும், பகலைப் பன்னிரண்டு கூறாகப் பகுக்கும் முறையையும் கிரேக்கர் பாபிலோனியரிடமிருந்து பெற்றனர் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியுள்ளார். கிரேக்கரிடமிருந்து அக்கலை ரோமானியருக்குச் சென்றது. அது சென்ற விதத்தைப் பிளினி என்னும் ரோமானிய அறிஞர் குறித்து வைத்திருக்கிறார்.

கி.மு. 263இல் ரோமானியப் படைத்தலைவர் வலேரியஸ் மெசல்லா சிசிலித் தீவிலுள்ள கட்டானியா நகரைக் கைப்பற்றினார். அங்கிருந்த சூரிய கடிகாரம் ஒன்றை வெற்றிப் பொருளாகக் கொண்டுவந்து, ரோம் நகரின் பொதுச்சதுக்கத்தில் ஒரு தூணின்மேல் நிறுத்தினார். கட்டானியா 37½ பாகை அட்சரேகையில் உள்ளது. ரோம் ஏறத்தாழ 42 பாகையில் உள்ளது. இந்த 4½ பாகை வேறுபாட்டால் கடிகாரத்தின் கோடுகள் ரோமின் நிழலோடு பொருந்தவில்லை. ஆயினும் ரோமானியர் 99 ஆண்டுகள் அதையே நம்பி வாழ்ந்தனர். கி.மு. 164இல்தான் மார்சியஸ் பிலிப்பஸ் என்பவர் ரோமுக்கென்றே கணித்துச் செய்த கடிகாரத்தை அதன் அருகில் நிறுவினார்.

நிழல் ஊருக்கு ஊர் மாறுவதேன்? உலகம் உருண்டை. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே செல்லச் செல்ல உச்சிவேளைச் சூரியன் தெற்கே சாய்ந்து தோன்றுகிறது, நிழல் நீளுகிறது. பகலும் இரவும் சமமாகும் நாளில், உச்சிவேளையில், ரோமில் 9 அளவு உயரமுள்ள கோலின் நிழல் 8 அளவு நீளமிருக்கும் என்று கி.மு. முதல் நூற்றாண்டின் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கூறுகிறார். ஏதென்சில் 4 அளவுக் கோலுக்கு நிழல் 3. அலெக்சாந்திரியாவில் 5 அளவுக் கோலுக்கு நிழல் 3. கோவையை அடுத்த மதுக்கரையில் அதே நாளில் கோல் நட்டால், 5 அளவுக் கோலுக்கு நிழல் 1 அளவுகூட முழுதாக இராது. மதுக்கரை 11 பாகைக்குச் சற்றுக் குறைவான அட்சரேகையில் இருப்பதே காரணம்.

துரும்புக் கடிகாரம்

இனி நம் நாட்டு முறையைக் காண்போம். நேரம் அறிய ஒரு துரும்பு போதும் என்று கூறும் பழம்பாட்டு ஒன்று தமிழில் வழங்குகிறது. அது சொல்லும் செய்முறை இதுதான். நேரான துரும்பு ஒன்றை எடுத்து 16 சம கூறுகளாகக் குறியிட்டுக்கொள்ள வேண்டும். அதை ஓரிடத்தில் செங்கோணமாக மடித்து, ஒரு பகுதி தரையில் கிடக்கவும் மறுபகுதி நிமிர்ந்து நிற்கவும் வெயிலில் வைக்க வேண்டும். நிற்கும் பகுதியின் நிழல், கிடக்கும் பகுதியின் நுனியைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை முன்னும் பின்னும் மாற்ற வேண்டும். தொட்டதும் நிற்கும் பகுதியில் எத்தனை கூறுகள் உள்ளனவோ அத்தனை நாழிகை. முற்பகலானால் சூரியன் உதித்தபின் கழிந்த நாழிகை. பிற்பகலானால் மறைய எஞ்சியிருக்கும் நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு நாளுக்கு 60 நாழிகை.

இது எவ்வாறு பொருந்துகிறது? சூரியன் உதிக்கும்போது நிழலுக்கு முடிவே இல்லை. எனவே நிற்கும் பகுதி பூஜ்யம். சூரியன் நேர் உச்சியில் இருந்தால் நிழலே இல்லை. துரும்பு முழுதும், அதாவது 16 கூறும், நிற்கும். உதயத்திலிருந்து உச்சிவேளை வரை ஏறத்தாழ 15 நாழிகை. சூரியன் பாதி வானம் ஏறி 45 பாகையில் நிற்கும்போது நிழலும் உயரமும் சமம்: கிடப்பது 8, நிற்பது 8. அப்போது கழிந்த நேரம் ஏறத்தாழ 7½ நாழிகை.

மதுக்கரைக்கு இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பகலிரவு சமமாகும் நாளில் சூரியன் உதித்து 7½ நாழிகை ஆனபோது துரும்பு 7.9 காட்டும், பிழை பத்து நிமிட அளவே. மார்கழியில் உதித்து 5 நாழிகை ஆனபோது 5.3 காட்டும். மணிக்கூண்டு இல்லாத காலத்தில் காட்டு வேலைக்கு இந்தத் துல்லியம் தாராளம். ஆனால் மார்கழி உச்சிவேளையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் துரும்பு தடுமாறுகிறது. 14 நாழிகை கடந்தபோதும் 9½ தான் காட்டும்.

இதே துரும்பை மெசல்லாவின் ரோமுக்குக் கொண்டுசென்றால் என்னவாகும்? பகலிரவு சமமாகும் நாளின் உச்சியில், 15 காட்ட வேண்டிய இடத்தில் 8½ தான் காட்டும். டிசம்பர் மாத உச்சியில் 5ஐத் தாண்டாது. கட்டானியாவின் கடிகாரம் ரோமில் தவறியது. நம் துரும்பு அங்கே பயனற்றே போகும். சூரியன் தலைக்கு மேலே ஏறும் நாட்டில் மட்டும் செல்லுபடியாகும் கணக்கு அது.

அங்கே அட்டவணை, இங்கே துரும்பு

ஐரோப்பிய உழவர்களும் நிழலைக் கொண்டு நேரம் அறிந்தனர். ரோமானியப் பேரரசின் பிற்காலத்தில் வேளாண்மை நூல் எழுதிய பல்லேடியஸ், ஒவ்வொரு மணிக்கும் நிழல் எத்தனை அடி நீளம் இருக்கும் என்று மாதந்தோறும் தனித்தனி அட்டவணை தந்தார். மாதத்துக்கு மாதம் அங்கே நிழல் மிகுதியாக மாறுவதால் அட்டவணை இன்றியமையாததாயிற்று. அவர்களுடைய மணியின் நீளமே நிலையானதன்று. பகல் எவ்வளவு நீண்டாலும் அதைப் பன்னிரண்டாகவே பகுத்ததால், ரோமில் கோடைகால மணி நம் கணக்கில் 75 நிமிடமாகவும், குளிர்கால மணி 45 நிமிடமாகவும் இருந்தது. கொங்கு நாட்டிலோ ஆண்டின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11½ மணி. மிக நீண்ட பகல் 12¾ மணி. பகலின் நீளம் அதிகம் மாறாததால்தான் அட்டவணை இல்லாமலே ஒரு துரும்பு இங்கே வேலை செய்தது.

சுவர்க் கடிகாரத்திலும் இந்த வேறுபாடு உண்டு. ஐரோப்பாவில் உச்சிவேளைச் சூரியன் எப்போதும் தெற்கேதான். எனவே தெற்குச் சுவரில் ஒரு கம்பியைப் பதித்துக் கோடு கிழித்தால் ஆண்டு முழுதும் பயன்படும். மதுக்கரையில் ஏப்ரல் 18 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 24 வாக்கு வரை உச்சிச் சூரியன் வடக்கே இருக்கும். அந்த நான்கு மாதமும் நேர் தெற்கு நோக்கிய சுவரில் வெயிலே படாது! அதற்கு வடக்குச் சுவரிலும் ஒரு கடிகாரம் வேண்டும்.

ஊருக்கு ஓர் எண்

இந்தச் சிக்கலைத் தீர்க்க இந்திய வானநூலார் ஒரு வழி கண்டனர். 12 அங்குல உயரமுள்ள சங்கு என்னும் கோலை நட்டு, பகலிரவு சமமாகும் நாளின் உச்சிவேளை நிழலை அளந்தனர். அதற்குப் பலபா என்று பெயர். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பலபா உண்டு: கன்னியாகுமரிக்கு 1.7 அங்குலம், மதுக்கரைக்கு 2.3, சென்னைக்கு 2.8, காசிக்கு 5.7. இந்த ஓர் எண் தெரிந்தால் அவ்வூரின் பகல் நீளத்தையும் நிழலையும் கணக்கிட்டுவிடலாம். விட்ருவியஸ் ஊர்தோறும் தந்த விகிதமும் இதுவும் ஒன்றே. நிழலைக் கொண்டு திசை காணும் கலையும் தமிழருக்குப் புதிதன்று. கோல் நட்டு உச்சிவேளையில் திசை குறித்து அரண்மனைக்கு நூலிட்ட செய்தி சங்க நூலான நெடுநல்வாடையில் உள்ளது.

பிற்காலத்தில் கோலைச் செங்குத்தாக நடாமல், உலகின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கக் கற்றனர். 1371இல் டமாஸ்கஸ் நகரில் இப்னு அல் ஷாத்திர் அத்தகைய கடிகாரத்தை அமைத்தார். 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அது பரவியது. செய்ப்பூரில் மன்னர் ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சாம்ராட் யந்திரத்தின் சாய்வு 27 பாகை. அதுவே அந்நகரின் அட்சரேகை. மதுக்கரையில் அமைத்தால் சாய்வு 11 பாகை போதும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஏப்ரல் 18ஆம் நாளை ஒட்டி வெட்டவெளியில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். கோவை வட்டாரத்தில் கைக்கடிகாரம் 12 மணி 22 நிமிடம் காட்டும்போது கோலின் நிழல் அடியிலேயே மறைந்துவிடும். 12 மணிக்கே ஏன் மறையவில்லை? 1906 முதல் நம் நாட்டின் பொது நேரம் 82½ பாகை தீர்க்கரேகைக்குக் கணிக்கப்படுகிறது. மதுக்கரை அதற்கு மேற்கே 5½ பாகை தள்ளி இருப்பதால் சூரியன் இங்கே 22 நிமிடம் தாமதமாக உச்சிக்கு வருகிறது. ரயிலும் தந்தியும் நாடு முழுதுக்கும் ஒரே நேரத்தை வேண்டின. அதற்காக ஒவ்வோர் ஊரும் தன் சொந்த உச்சிவேளையை விட்டுக்கொடுத்தது. ஆனால் அந்தந்த ஊரின் உண்மையான உச்சிவேளையை நிழல் இன்றும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது.